சைபர் மூன்றில் ஒரு ரஞ்சினி

பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் விழுந்த கைபேசியைச் சிவமணி வெளியே எடுத்தபோது, அதன் திரைக்குள் ஒரு நீர்க்குமிழி இடமிருந்து வலமாக நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது. அவர் அதை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். உதறினார். அரிசிப் பேணிக்குள் புதைத்துவைத்தார். மறுநாள் எடுத்துப் பார்த்தபோது அரிசி ஈரமாக இருந்தது, கைபேசி செத்திருந்தது.

மெல்பேர்னின் புறநகரான வெரிபீயின் கடைத்தெருவில் கைபேசி திருத்துகிறவன் அதைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே போடவேண்டிய பாகம் வெளிநாட்டில் இருந்து வரவேண்டும் என்றான். எப்போது வரும் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

சிவமணிக்கு மனப்பாடமாகத் தெரிந்த தொலைபேசி எண் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். சிட்னியில் அவர் குடியிருந்த வீட்டின் எண். மனைவி ரஞ்சினியின் கைபேசி எண்கூட அவருக்குத் தெரியாது. கைபேசியில் அவள் பெயரைத் தொட்டால் அவள் பேசுவாள். அதற்குமேல் அவர் யோசித்ததில்லை.

அவர் வேலைசெய்த மெத்தைத் தொழிற்சாலை சிட்னிக் கிளையை மூடிவிட்டு, மெல்பேர்னில் மட்டும் இயங்குவதென்று முடிவெடுத்திருந்தது. வேலை வேண்டுமானால் இடம் மாறவேண்டும். ஐம்பத்தாறு வயதில் வேறு வேலை தேடத் துணிவில்லாமல் சிவமணி ஓம் என்றார். ரஞ்சினி ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவளுக்கு வெஸ்ட்மீட்டில் ஆஸ்பத்திரி வேலை, வெள்ளிக்கிழமையானால் மேய்ஸ் ஹில் முருகன், எந்தக் கடையில் நல்ல முருங்கைக்காய் என்று தெரிந்த ஊர்.

“நீங்கள் முதல்ல போங்கோ. நான் யோசிச்சுச் சொல்லுறன்” என்றாள். அவர் காரில் ஏறியபோது வாசலுக்கும் வரவில்லை.

வெரிபீயில் அவருக்கு அகப்பட்ட வாடகை வீடு, ஒரு புதுக்குடியிருப்பின் கடைசித் தெருவில் இருந்தது. சுற்றிலும் கூரை போடாத வீடுகள். வேலையாட்கள் போனபிறகு அவற்றின் மரச்சட்டங்களில் கட்டிய பிளாஸ்டிக் தாள்கள் காற்றில் அசையும்போது, உள்ளே யாரோ சேலை சரசரக்க நடப்பதுபோல் சத்தம் கேட்கும். தெருவில் ஆள் இருக்கும் வீடுகள் இரண்டுதான். மற்றதில் ஜெகதீஷ் இருந்தார். ஈரோட்டுக்காரர், கணினி வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவர்.

இணைய இணைப்போடு ஒரு வீட்டுத் தொலைபேசியையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். வைக்க மேசை இல்லாததால் அது தரையில் இருந்தது. வீட்டில் இருந்த ஒரே கதிரையை அதன் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டு, சிவமணி தனக்குத் தெரிந்த அந்த எட்டு இலக்கங்களையும் அழுத்தினார்.

மறுமுனையில் உடனே எடுத்தாயிற்று. ஹலோ இல்லை. ஒரு மெல்லிய இரைச்சல். அதற்குள் மூச்சு.

“ரஞ்சியோ?”

“ஓம், நான்தான்.”

குரல் ஒரு மாதிரியாக, ஏற்ற இறக்கம் இல்லாமல், தண்ணீர்த் தாங்கிக்குள் இருந்து வருவதுபோல இருந்தது. புது இணைப்பு அப்படித்தான் இருக்கும் என்று சிவமணி நினைத்தார். கோபமாகவும் இருக்கலாம்.

“போன் தண்ணிக்குள்ள விழுந்திட்டுது. அதுதான் எடுக்கேல்ல. கோவமோ?”

சிறிது நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.

“சாப்பிட்டீங்களே?”

சிவமணிக்கு நெஞ்சு இளகிப்போயிற்று. “பாணும் சம்பலும்” என்றார்.

“நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. முழங்காலுக்கு எண்ணெய் பூசினனீங்களே? நீங்கள் சொல்லாட்டியும் எனக்குத் தெரியும்.”

அன்று காலையில்தான் பெட்டி தூக்கும்போது அவருடைய வலது முழங்கால் பிசகியிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு வெறும் அறையைச் சுற்றிப் பார்த்தார். யன்னலுக்குத் திரைச்சீலை இன்னும் போடவில்லை. வெளியே ஒரு பிளாஸ்டிக் தாள் மெல்ல எழுந்து மெல்லப் படுத்தது.

“உமக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டார். அதற்குள் மறுமுனையில் தொலைபேசி வைக்கப்பட்டிருந்தது.

மறுநாள் மாலை அவர் முகம் கழுவி, தலை வாரி, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு அதே எண்ணுக்கு எடுத்தார். கேட்கப்போவது பெரிய கேள்வி.

“ஓம், நான்தான்.”

“ரஞ்சி, குறுக்கால கதையாமல் ஒருக்கால் கேளும். இஞ்ச வீடு நல்லா இருக்கு. குசினி பெரிசு. வெளியில கறிவேப்பிலை வைக்க இடம் இருக்கு. எனக்கு இஞ்ச தனிய இருக்க ஏலாமல் கிடக்கு. நீர் வாறதெண்டா எப்பவும் வரலாம். விலாசத்தைச் சொல்லுறன்.” விலாசத்தை இரண்டு தரம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “நான் வேலையில நிண்டாலும் பரவாயில்லை. திறப்பு வாசல் பூச்சாடிக்குக் கீழ இருக்கும். இப்ப சொல்லும், வாறீரோ, இல்லையோ?”

இவ்வளவு நீளமாக அவரைப் பேசவிட்டு ரஞ்சினி சும்மா இருந்தது, கல்யாணமான நாளில் இருந்து இதுதான் முதல்தடவை.

“சரி” என்றது குரல். “அப்ப வாறன்.”

சிவமணி அன்று இரவு பாணை விட்டுவிட்டுச் சோறு சமைத்தார்.

அடுத்த நாள் வேலைத்தலத்துக் கணினியில் இருந்து சிட்னி வீட்டு முகவருக்கு மின்னஞ்சல் போட்டார், வீட்டை விடுகிறோம், ஆட்களுக்குக் காட்டலாம் என்று. மாலையில் மீண்டும் எடுத்து, சாமான்களைப் பற்றிக் கேட்டார்.

“பெரிய சோபாவை என்ன செய்யிறது? லொறியில ஏத்தினா இஞ்ச வர உடைஞ்சுபோம்.”

“உந்தப் பழசை வைச்சுக்கொண்டு ஏன் மாரடிக்கிறீங்கள்? எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்குங்கோ.”

அந்தச் சோபா ரஞ்சினி தேடித் தேடி வாங்கியது. அதில் ஈரக்காலோடு உட்கார்ந்ததற்காக அவர் இரண்டு நாள் பேச்சில்லாமல் இருந்திருக்கிறார். மனுசி திருந்திவிட்டாள் என்று மகிழவும் பயமாக இருந்தது.

“உண்மையாத்தானோ?”

இரைச்சல். பிறகு அதே தட்டையான குரல்: “பிள்ளை இன்னும் வரேல்ல. இருட்டப்போகுது.”

சிவமணிக்கும் ரஞ்சினிக்கும் பிள்ளை இல்லை.

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் நெடுநேரம் கதிரையிலேயே இருந்தார். பக்கத்து வீட்டுப் பூனைக்கு ரஞ்சினி மீன் தலை வைப்பதுண்டு. அதைத்தான் பிள்ளை என்கிறாளாக்கும் என்று முடிவுசெய்தார். அப்படி முடிவுசெய்த பிறகும் எழுந்து போய் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஜெகதீஷிடம் போய், சோபாவை இணையத்தில் விளம்பரம் போடச் சொன்னார். அந்த நல்ல மனிதர் அவர் முன்னாலேயே போட்டுக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து, மெத்தை தைக்கும் இயந்திரங்களுக்கு நடுவில் நின்றவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மனைவி தொலைபேசியில்.

“நீங்கள் உயிரோட இருக்கிறீங்களோ?”

இந்தக் குரலில் ஏற்றமும் இருந்தது, இறக்கமும் இருந்தது. ஏற்றம் கூட.

“என்ன ரஞ்சி, முந்தநாளும் கதைச்சனாங்கள்தானே.”

“ஆரோட?”

“உம்மோட.”

“என்னோட நீங்கள் கதைக்கேல்ல. நீங்கள் வெளிக்கிட்டுப் போன நாளில இருந்து ஒரு சத்தமும் இல்லை. உங்கட போனுக்கு அடிச்சா, ஆள் இல்லை எண்டு ஒரு வெள்ளைக்காரி சொல்லுறாள். கோவத்தில இருக்கிறீங்கள் எண்டு நானும் விட்டிட்டன். இண்டைக்கு ஏஜென்ட் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்து என்ர அலுமாரியைத் திறந்து காட்டுறான். அவங்கள் போக முதல் ஒரு தடியன் வந்து சோபாவைத் தூக்கிறான். நான் அதில இருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன்.”

“எறியச் சொல்லி நீர்தானே சொன்னனீர்.”

“நானோ?”

“மெல்பேர்னுக்கு வாறன் எண்டும் சொன்னனீர்.”

மறுமுனை அடங்கிவிட்டது. ரஞ்சினி சத்தம் போடாமல் இருந்தால்தான் சிவமணிக்குப் பயம்.

“இஞ்சேருங்கோ” என்றாள் மெதுவாக. “நான் அப்பிடிச் சொல்லேல்ல. ஆனா ஆரோ ஒருத்தி சொல்லியிருக்கிறா. அவ உங்கட வீட்டுக்கு வரப்போறா.”

சிவமணிக்குப் பூச்சாடி ஞாபகம் வந்தது.

ரஞ்சினி கேட்ட விலாசத்தைக் கொடுத்துவிட்டு, வேலையில் சொல்லி, நேரத்தோடு வீட்டுக்கு ஓடினார். திறப்பு சாடிக்குக் கீழேயே இருந்தது. ஆனால் சாடி கொஞ்சம் நகர்ந்திருப்பதுபோலவும் இருந்தது. காற்றாக இருக்கலாம். சாடி கனமானது.

தனியாக உள்ளே போக மனமில்லாமல் ஜெகதீஷைக் கூட்டிக்கொண்டு போனார். கதிரையில் அவரை இருத்திவிட்டு நடந்ததை எல்லாம் சொன்னார்.

“சார், நீங்க சிட்னிக்கு எப்படி டயல் பண்றீங்க?”

“எட்டு நம்பரையும் அமத்திறன்.”

“முன்னாடி ஏரியா கோடு ஜீரோ டூ போடலையா?”

“என்ர வீட்டுக்கு நான் ஏன் சைபர் ரெண்டு போடவேணும்?”

“அது சிட்னிக்குள்ள இருந்தப்போ சார். இப்ப நீங்க விக்டோரியாவுல இருக்கீங்க. இங்க ஜீரோ த்ரீ. வெறும் எட்டு நம்பரைப் போட்டா, ஜீரோ த்ரீக்குள்ள அதே எட்டு நம்பர் வச்சிருக்கிற வேற ஒரு வீட்டுக்குத்தான் போகும்.”

“என்ர நம்பரை இன்னொரு வீட்டுக்கும் குடுத்திருக்கிறாங்களோ?”

“ஆமா சார். குயின்ஸ்லாந்து ஜீரோ செவன்ல ஒரு வீடு இருக்கலாம். பெர்த், அடிலெய்டு எல்லாம் ஜீரோ எய்ட், அங்க ஒண்ணு.”

சிவமணி சுவரில் சாய்ந்தார். ஒரே எண்ணில் நாலு வீடு. ஒவ்வொன்றிலும் ஒரு தொலைபேசி, பக்கத்தில் ஒரு ரஞ்சினி. சைபர் மூன்றில் இருப்பவள் அவருக்கு இரங்குகிறாள், சோபாவை எறியச் சொல்லுகிறாள், அவளுக்கு ஒரு பிள்ளையும் இருக்கிறது. சைபர் ஏழில் இருப்பவள் எப்படிப்பட்டவளோ.

“நம்பர் ஒண்டாயிருக்கட்டும். அந்த வீட்டிலயும் ஏன் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கவேணும்? என்ர முழங்காலைப் பற்றி அவவுக்கு ஆர் சொன்னது?”

“அதான் சார் எனக்கும் புரியல” என்றார் ஜெகதீஷ். “ஸ்பீக்கர்ல போடுங்க. நான் பேசறேன். நேரா கேட்டுட்டா முடிஞ்சுது.”

வழக்கம்போல உடனே எடுத்தாயிற்று.

“ஓம், நான்தான்.”

“மேடம், நீங்க யாருங்க பேசறது?”

இரைச்சல். மூச்சு.

“ஏன் நேற்று எடுக்கேல்ல? நான் பார்த்துக்கொண்டே இருந்தனான்.”

ஜெகதீஷ் திரைச்சீலை இல்லாத யன்னலைப் பார்த்தார். எதிரே கூரையில்லாத வீடு ஒன்று, கதவில்லாத வாசலோடு.

“எங்கேருந்து மேடம் பார்த்தீங்க?”

“இந்தக் கதிரையிலதான் இருந்தனான்.”

வீட்டில் இருந்த ஒரே கதிரையில் ஜெகதீஷ் உட்கார்ந்திருந்தார். அவர் சூடு பட்டவர்போல எழுந்து, பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“சார், அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு, தோட்டத்துப் பக்கக் கதவால் போனார். அதன்பிறகு அவர் அந்த வீட்டுக்குள் வரவில்லை. எதுவானாலும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்.

சிவமணி தொலைபேசியின் இணைப்பைக் கழற்றினார். கழற்றிய பிறகு இன்னும் பயமாக இருந்தது. எடுக்காவிட்டால் அவள் புறப்பட்டு வந்துவிடுவாளோ என்று தோன்றியது. திரும்ப மாட்டினார். மாட்டிவிட்டு, அது அடித்தால் என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை, பொழுது சாய்கிற நேரத்தில், வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றுவிட்டுப் போயிற்று. சக்கரம் வைத்த பெட்டி ஒன்று சரளைக்கல்லில் இழுபட்டு வரும் சத்தம் கேட்டது. சத்தம் கதவடியில் நின்றது. பூச்சாடி அரைபட்டு நகர்ந்தது. கீழே திறப்பு இல்லை என்று கண்டதும் கதவில் தட்டல் விழுந்தது.

“ஆரது?” சிவமணியின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

“நான்தான்.”

அதே சொல். அவர் கதவுக்கு எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“எந்த ரஞ்சினி?”

பெட்டியின் கைப்பிடி சட்டென்று மடங்கும் சத்தம் கேட்டது.

“என்ன கேட்டனீங்கள்?”

“சைபர் ரெண்டோ, சைபர் மூண்டோ?”

“பிளேனில ஒரு பிஸ்கற்றைத் தந்தவங்கள். அதோட வந்து இந்தக் குளிருக்குள்ள நிக்கிறன். இன்னொரு கேள்வி கேட்டீங்கள் எண்டா இப்பிடியே திரும்பிப் போயிடுவன். அதுக்குப் பிறகு என்ன சைபர் போட்டாலும் என்னைப் பிடிக்க ஏலாது.”

சைபர் இரண்டுதான். சிவமணி கதவைத் திறந்தார்.

ரஞ்சினி வந்ததும் வராததுமாக வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கோப்பை, ஒரு தட்டு, ஒரு கதிரை. குளியலறையில் நீள முடி ஒன்றும் இல்லை. அவள் முகத்தில் இருந்த கடுப்பு கொஞ்சம் இறங்கியது.

“சாடியை ஏன் நகர்த்தினனீர்?” என்று கேட்டார் சிவமணி.

“எங்க போனாலும் நீங்கள் திறப்பை அங்கதானே வைக்கிறனீங்கள். சரி, அந்த மனுசி என்ன சொன்னவ? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ.”

அவர் சொன்னார். “நான் வாறீரோ எண்டு கேட்டன். சரி, அப்ப வாறன் எண்டவ.”

ரஞ்சினி தலையில் கை வைத்தாள். “வாறன் எண்டா போனை வைக்கப்போறன் எண்டு அர்த்தம். இவ்வளவு காலமும் நான் போன் வைக்கேக்க என்ன சொல்லுறனான்?”

சிவமணி யோசித்துப் பார்த்தார். ஞாபகம் இல்லை.

“நல்லது” என்றாள் அவள். “என்ர குரல் எது, இன்னொருத்தியின்ர குரல் எது எண்டும் தெரியாத மனுசன். விடியட்டும். நான் எடுத்துக் கதைக்கிறன்.”

காலையில் அவள் கதிரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இலக்கங்களை அழுத்தினாள். பேசவேண்டியதை இரவெல்லாம் தயார் செய்திருந்தாள் என்று முகத்தில் தெரிந்தது.

“ஓம், நான்தான்.”

“நான் ரஞ்சினி. சிவமணியின்ர மனுசி. நீங்கள் ஆர்?”

இரைச்சல். மூச்சு. ரஞ்சினி வாயைத் திறந்தாள். அவளுக்கு முன் அந்தக் குரல் பேசியது.

“இவ்வளவு நாளும் என்னை ஏன் தனிய விட்டிட்டு இருந்தனீங்கள்?”

ரஞ்சினி தொலைபேசியை மெதுவாகக் கீழே வைத்தாள். இடுப்பில் செருகிய தலைப்பை உருவிவிட்டாள்.

“என்ன சொன்னவ?” என்று கேட்டார் சிவமணி.

“நான் உங்களிட்டக் கேக்கிறதுக்கு எண்டு வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்ததை” என்றாள் ரஞ்சினி. “அதே சொல்லு. ஒரு எழுத்துப் பிசகேல்ல.”

அதற்குப்பிறகு இருவருக்கும் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. ஜெகதீஷ் இணையத்துத் தொலைபேசி விபரக்கொத்தில் அந்த எண்ணைத் தேடி, வேலிக்கு மேலால் ஒரு விலாசத்தைச் சொன்னார். எண் ஆரூரன் என்ற ஒருவரின் பெயரில் இருந்தது, வீடு ஸ்பிரிங்வேலில்.

“கூட வரட்டுமான்னு கேக்கமாட்டேன் சார்” என்றார். “வீட்ல வேலை இருக்கு.”

மேற்குக் கோடியில் இருந்து தென்கிழக்குக்கு நகரத்தையே குறுக்கறுத்துப் போகவேண்டும். பெரிய பாலத்தில் ஏறியபோது பக்கவாட்டுக் காற்று காரைத் தள்ளியது. ஸ்பிரிங்வேல் சந்தைத் தெருவில் சனிக்கிழமைச் சனம் மீனுக்கும் கீரைக்கும் முட்டிமோதிக்கொண்டிருந்தது. இரண்டு திருப்பம் தாண்டியதும் சத்தம் முழுக்க அறுந்துபோயிற்று. பழைய செங்கல் வீடுகள். அவற்றில் ஒன்றின் முன்னால், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

“வணக்கம்” என்றார் சிவமணி.

அவள் திரும்பவில்லை.

“இஞ்ச, ஒருக்கால் பாருங்கோ” என்றாள் ரஞ்சினி, பலமாக.

தண்ணீர் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் யார் என்று தெரிந்துகொண்டே திரும்பாமல் நிற்கிறாள் என்று சிவமணிக்குப் பட்டது. திரும்பினால் அந்த முகம் ரஞ்சினியின் முகமாக இருக்கும். அவர் மனைவியின் கையைப் பிடித்தார். அவளும் விடவில்லை. அப்படியே இருவரும் நெருங்கிப்போக, அவர்களுடைய நிழல் ஈரச் சீமெந்தில் நீண்டு அவள் காலடிக்குப் போயிற்று.

அவள் திரும்பினாள். மெலிந்த முகம், மூக்குக்கண்ணாடி, நரைத்துப்போன தலை. ரஞ்சினியின் சாயல் எள்ளளவும் இல்லை. திடுக்கிடவும் இல்லை. எதிர்பார்த்திருந்தவள்போலச் சிரித்தாள்.

“வாங்கோ, வாங்கோ. உள்ள வாங்கோ.”

அதே தட்டையான, தண்ணீர்த் தாங்கிக் குரல்.

எப்படி உள்ளே போனோம் என்று பிறகு இருவராலும் சொல்லமுடியவில்லை. கூடத்துக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் முன்னால் உட்கார்ந்து இருவரின் முகத்தையும் மாறி மாறி ஆவலோடு பார்த்தாள்.

“என்ர பேர் கலா” என்றாள்.

“நீங்கள் இவரோட போனில கதைக்கிறனீங்களோ?” ரஞ்சினி கேட்டாள்.

“ஓம், ஓம்.”

“எங்களை உங்களுக்கு முன்னமே தெரியுமோ?”

“ஓம்.”

இவ்வளவு கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்ளுவாள் என்று ரஞ்சினி எதிர்பார்க்கவில்லை. அவள் குரல் தணிந்தது. “அப்ப ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?”

“சீனி போடுறதோ?”

தேநீர் வந்தது. அதில் அளவான சீனி இருந்தது. ரஞ்சினி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், சண்டைபிடிக்க வந்ததை மறந்தவளாகப் பேசத் தொடங்கினாள்.

“நீங்கள் ஆரோ, எனக்கு விளங்கேல்ல. ஆனா காலமை போனில கேட்டீங்களே, அது சரியான கேள்வி. இவர் வெளிக்கிட்ட அண்டைக்கு நான் கதவடிக்கு வரேல்ல. உள்ளுக்க நிண்டு கார் போற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிண்டனான். சிட்னியில எனக்கு எல்லாம் இருக்கு எண்டு இவரோட சண்டை பிடிச்சனான். இவர் போனாப் பிறகு சமைக்கிறேல்ல. சோபாவில இருந்து ரிவியைப் பார்த்துக்கொண்டு பிஸ்கற் சாப்பிடுறன். போன் வரும் வரும் எண்டு இருந்தன். வரேல்ல. என்னை விட்டிட்டார் எண்டு நினைச்சன். எங்களுக்குப் பிள்ளை குட்டியும் இல்லை. வாறன் எண்டு நானாச் சொல்ல ஒரு வீம்பு. இவராக் கேக்கட்டும் எண்டு இருந்தன். கேட்டிருக்கிறார், உங்களிட்ட.”

அவள் அழுதாள். சிவமணி தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கலா இடையில் ஒரு சொல்லும் பேசவில்லை. ரஞ்சினியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள்.

“வந்திட்டீங்கள்தானே” என்றாள். “இனி என்ன. இருங்கோ.”

ரஞ்சினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கணவன் பக்கம் திரும்பினாள்.

“நான் வாறன்.”

சிவமணி உடனே எழுந்தார். “ஓம், நேரமாச்சு. வெளிக்கிடுவம்.”

“மெல்பேர்னுக்கு வாறன் எண்டு சொன்னனான். இருங்கோ.”

அவர் இருந்தார். பயம் முழுதாக விட்டுப்போகவில்லை. ஆனாலும் இந்த மனுசி பேயோ பிசாசோ எதுவானாலும், தன் வீட்டுக்கு நல்லதுதான் செய்திருக்கிறாள் என்று நினைத்தார். வெளியே கதவு திறபட்டது. கை நிறையச் சந்தைப் பைகளோடு ஓர் இளம்பெண் வந்து, தெரியாதவர்கள் இருவர் இருப்பதையும், ஒருத்தி தாயோடு கைகோத்து அழுதுகொண்டிருப்பதையும் கண்டு அப்படியே நின்றாள்.

“நான் தர்சினி, கலான்ர மகள்” என்றாள். “நீங்கள்?”

ரஞ்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நாங்கள் ஆரெண்டு பேந்து சொல்லுறம் பிள்ளை. முதல்ல ஒண்டைச் சொல்லவேணும். நானும் இவரும் இத்தனை வருஷமாக் குடும்பம் நடத்துறம். நாங்கள் சொல்லுறதை உங்கட அம்மா மாதிரி இப்பிடிக் காது குடுத்துக் கேட்ட ஒரு ஆளை நாங்கள் இன்னும் காணேல்ல.”

தர்சினி பைகளைத் தரையில் வைத்தாள். தாயைப் பார்த்தாள். இவர்களைப் பார்த்தாள்.

“அம்மாவுக்கு ரெண்டு காதும் துப்பரவாக் கேக்காதே, அன்ரி. போனில லைட் மின்னினா, அப்பா முழங்கால் நோவோட லொறியில இருந்து அடிக்கிற காலத்துப் பழக்கத்தில, அவர் செத்தாப் பிறகும் அவர்தான் எண்டு எடுத்துத் தன்ர பாட்டுக்குக் கதைச்சுக்கொண்டிருப்பா.”